நாபோத்தின் அண்ணி

புதிதாகப் போதகர் அங்கி தைத்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே! ஓய்வுபெற்ற சபை ஐயரைப் பேசக் கூப்பிட்டால் அவர் ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கான பலனை அனுபவியுங்கள்.

காலையில் டீ குடிக்கும்போது உங்களில் ஒருவர் என்னை ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டார். "ஐயா, சொத்துள்ளவங்களைப் பத்தி வேதம் முடிவா என்னதான் சொல்லுது? ஒரு பக்கம் ஆசீர்வாதம்னு சொல்லுது. இன்னொரு பக்கம் பணக்காரன் பரலோகம் போறதைவிட ஊசிக் காதுல ஒட்டகம் நுழையறது சுலபம்னு சொல்லுது." முகத்தில் உண்மையான கவலை. எனக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஊழியத்துக்கு வருகிறவர்களில் இரண்டு ரகத்தைப் பார்த்திருக்கிறேன். வாசலில் கார் நின்றால் வீட்டுக்குள் தேவ கிருபை நிரம்பி வழிகிறது என்று நம்புகிறவர் ஒரு ரகம். கிழிந்த சட்டையைக் கண்டால் உள்ளே ஒரு பரிசுத்தவான் இருக்கிறார் என்று உருகுகிறவர் இன்னொரு ரகம். இருவரும் துணியைத் தொட்டுப் பார்த்து ஆத்துமாவுக்கு விலை போடுகிறவர்கள்தான். இயேசு சொன்ன கதையில் பிச்சைக்காரன் லாசரு செத்ததும் எங்கே போனான்? ஆபிரகாம் மடிக்கு. அந்த ஆபிரகாம் யார்? ஆடும் மாடும் வெள்ளியும் வேலைக்காரரும் நிறைந்த பெரிய பணக்காரர். கதையைச் சொன்னவர் இருவரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டார். நாம்தான் ஆளுக்கொருவரை எழுப்பிவிடப் பார்க்கிறோம்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு வயல் சொல்லிக் கொடுத்தது.

கழக ஆட்சி வந்த புதிது அது. கீழத்தஞ்சையில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் நிலத்தைப் பற்றித்தான் பேச்சு. ஒரு கடையில் கறுப்பு சிவப்புக் கொடி, அடுத்த கடையில் சிவப்புக் கொடி. சில ஊர்களில் கூலித் தகராறு ரத்தம் சிந்துமளவுக்குப் போயிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் நிலக்காரர் நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. மிராசுதார்களுக்குத் தூக்கம் போயிற்று.

என் சபைக்கும் ஒரு வயல் இருந்தது. யாரோ ஒரு பக்தர் எந்தக் காலத்திலோ எழுதிவைத்தது. குருமனையில் குடியிருக்கும் ஐயருக்கு அதிலிருந்து சாப்பாட்டு நெல் வரும். அதனால் அதற்குக் குருமனை வயல் என்றே பெயர். அதைத் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதுவந்த குடும்பத்தில் அப்போது இருந்தவர் தேவசகாயம். நம் சபையார்தான், சேரித்தெரு. அவர் ஒருநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்த் தன் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்.

சபைக் கமிட்டிக்கு மூச்சே நின்றுவிட்டது. கமிட்டி என்றால் மூப்பர் சாலமோன் பிள்ளை. அவர் சொல்வதை மற்றவர்கள் வழிமொழிவார்கள். பிள்ளை கெட்டவர் இல்லை. என் மூத்த மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது சொந்த மாட்டு வண்டியைப் பூட்டி, தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர். ஆனால் நிலம் என்று வந்துவிட்டால் அவர் காதில் வேறெதுவும் ஏறாது.

"ஐயரே, இது சாலமோன் பிள்ளை சொத்து இல்ல, தேவனுடைய சொத்து. தேவன் சொத்துல கை வச்சவனை என்ன பண்றது?"

தேவனுடைய சொத்து என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள், பிள்ளைகளே. பூமி முழுக்கத் தன்னுடையது என்றுதான் ஆண்டவர் மோசேயிடம் சொன்னார். நாம் எல்லாரும் அவரிடத்தில் புறக்குடிகள், அவர் மண்ணில் ஒண்டியிருக்கிறவர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள் நம்மிடையே ஏராளம்.

எங்கள் கோயிலுக்குள் முன்னால் பெஞ்சு, பின்னால் பாய். பெஞ்சு ஊர்த்தெருவுக்கு, பாய் சேரிக்கு. எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் புதிதாக வருகிற குழந்தைக்குக்கூடத் தன் இடம் தெரிந்திருந்தது. ஆண்டவருக்கு முன் எல்லாரும் சமம் என்று பெஞ்சைப் பார்த்தும் பாயைப் பார்த்தும் வாரந்தோறும் பிரசங்கித்தேன். கேட்டுவிட்டு அவரவர் இடத்திலிருந்து எழுந்து அவரவர் வாசல் வழியாகப் போனார்கள்.

இந்தச் சண்டையில் யார் பக்கமும் சாயாமல் ஒரு பிரசங்கம் செய்துவிடுவது என்று நான் திட்டம் போட்டேன். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்குப் பிதாக்கள் விட்டுப்போன தோட்டம். ராஜா ஆகாப் அதைக் கேட்டான், இவன் கொடுக்க மாட்டேன் என்றான், பொய்ச் சாட்சி வைத்து இவனைக் கொன்று தோட்டத்தை எடுத்துக்கொண்டான். பேராசை கூடாது என்பது பொதுவான பாடம், யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே ஒரு மயக்கம் வந்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் பிள்ளை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்குத்தான் ஐயரே பிரசங்கம்! பேர் சொல்லாமலே ஆகாபு முகத்திரையைக் கிழிச்சீங்க. அடுத்தவன் சொத்துக்கு ஆசைப்பட்டவன் பாய்லதான் உக்காந்திருந்தான், தலையைத் தூக்கலையே!"

அவர் போனதும் பூவரச மரத்தடியில் காத்திருந்த தேவசகாயம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "ஐயா, பிதாக்கள் விட்டுப்போன மண்ணுன்னு நீங்க சொன்னப்ப எங்க அப்பாருதாங்க கண்ணு முன்னால நின்னாரு. பெஞ்சுல உக்காந்திருந்த ஆகாபு காதுல விழுந்திருக்கும்ங்க."

ஊரில் எல்லாரும் நாபோத். ஆகாப் மட்டும் எப்போதும் எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

தேவசகாயத்துக்குப் பின்னால் அவர் அண்ணி ராகேலம்மா நின்றிருந்தார். தேவசகாயத்தின் செத்துப்போன அண்ணனின் மனைவி. வாய் கொஞ்சம் நீளம், தெருவே பயப்படும். "நல்ல கதைங்க ஐயா. அந்த நாபோத்துக்கு அண்ணன் பொண்டாட்டின்னு யாரும் இல்லையாங்க?" என்றார். நான் சிரித்தேன். வேதத்தில் அப்படி எதுவும் இல்லை அம்மா என்றேன். "அதான் கேட்டேன்" என்று முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அந்தக் கேள்வி என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் பரிமாறும் திருவிருந்து. இப்போது உங்கள் சபைகளில் யார் வேண்டுமானாலும் நேரே வந்து நிற்கிறார்கள். அப்போது எங்கள் பக்கத்தில், திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் குருமனைக்கு வந்து ஐயரிடம் பெயர் கொடுக்க வேண்டும். ஐயர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "யார்கிட்டயாவது மனஸ்தாபம் உண்டா?" இருந்தால் முதலில் போய்ச் சமாதானமாக வேண்டும், பிறகுதான் திருவிருந்துப் பந்தி. எல்லாரும் இல்லை என்றே சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரனை முறைத்துக்கொண்டே, இல்லீங்க ஐயா என்பார்கள். நானும் எழுதிக்கொள்வேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே பிள்ளை வந்துவிட்டார். "தேவசகாயம் பேரை எழுதாதீங்க. பதிஞ்சதை ரத்து பண்ணிட்டு வரட்டும், அப்புறம் பந்தி. நாளைக்கு அவன் வந்து முழங்கால் போட்டா, பெஞ்சுல உள்ளவங்க எழுந்து வெளியே போயிடுவோம்."

பந்தியிலிருந்து நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை. தேவசகாயத்தின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோயிலில் ஓலை வாசித்து, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு முன் அறிவித்த பிறகுதான் கல்யாணம் நடக்கும். பந்தி இல்லாதவர் வீட்டுக்கு ஓலை இல்லை. வயலை விடு, இல்லாவிட்டால் மகள் கல்யாணத்தை விடு என்பதுதான் பிள்ளை சொன்னதற்குப் பொருள். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

சாயங்காலம் தேவசகாயம் வந்தார். மனஸ்தாபம் உண்டா என்றேன். "யாரு மேலயும் இல்லீங்க ஐயா. சட்டம் நம்ம பக்கம் இருக்கறப்ப நமக்கென்ன மனஸ்தாபம்?" என்று மீசையைத் தடவிக்கொண்டார். பெயரை எழுதினேன்.

எல்லாரும் போன பிறகு ராகேலம்மா வந்தார். நடவு வயலிலிருந்து நேரே வந்திருக்கிறார், காலில் சேறு காயவில்லை.

"என் பேரை எழுத வேணாம்னு சொல்லிட்டுப் போவத்தான் வந்தேங்க."

"வராம இருந்தாலே போதுமே அம்மா, அதைச் சொல்ல வேற வரணுமா?"

"சொல்லலேன்னா உடம்பு சரியில்லன்னு நினைச்சுக்குவீங்க. எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. கொழுந்தன் மேல மனஸ்தாபம். அவரு எருமை செத்துப்போவணும்னு நேத்து மண்ணை வாரித் தூத்தினேன். எருமை என்ன பண்ணுச்சு, பாவம். ஆனா வாயில வந்துடுச்சு."

"என்ன மனஸ்தாபம்?"

"எங்க மாமனாரு ரெண்டு புள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்த வயலை விட்டுட்டுப் போனாரு. கடைமடை மூலை என் வீட்டுக்காரரு பாகம். அவரு போனப்புறம் நான்தான் நடுறேன், நான்தான் களை எடுக்குறேன், நான்தான் அறுக்குறேன். குருமனைக்கு நெல்லும் அளக்குறேன். தாலுகா ஆபீசுல ஒத்தைப் பேரு. முழு வயலுக்கும் அவரு பேரு. நாளைக்கு என்னைய வரப்புல ஏறாதேன்னு சொன்னா நான் எங்கங்க போவேன்?"

நாபோத்துக்கு அண்ணன் பொண்டாட்டி உண்டா என்று அவர் கேட்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கமிட்டியிடம் வயலைப் பறிகொடுக்க இருந்த நாபோத், தன் வரப்புக்குள் குட்டி ஆகாப்பாக இருந்திருக்கிறார். ஏழை என்பதாலேயே அவர் நல்லவர் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன்.

"மன்னிச்சுடலாமே அம்மா" என்றேன். ஐயர்மார் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வார்த்தை.

"மன்னிக்கலாம்ங்க. மனசு வரல. மனசு வராம நாளைக்கு அங்க வந்து கையை நீட்டினா, நான் யாருகிட்ட பொய் சொல்றது?"

நான் வசனத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். ஆண்டவர் இயேசுவிடமே ஒருவன் வந்து, என் அண்ணனைப் பாகம் பிரித்துத் தரச் சொல்லுங்கள் என்று கேட்டான், என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தது யார் என்று அவர் கேட்டுவிட்டார், நான் மட்டும் எப்படிப் பங்கிட முடியும் என்று விளக்கினேன். ராகேலம்மா மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல பதில் சொன்ன திருப்தியோடு அடுக்களைக்குள் போனேன். என் மனைவி உலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நல்லாத்தான் சொன்னீங்க. ஆண்டவரு சொல்லலாம். யாரு வயல் நெல்லையும் அளந்து வாங்கி அவரு சாப்பிடல." மூடியைத் திறந்து காட்டினாள். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "இது எந்த வயல் அரிசிங்க?"

அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளை ஒரு பக்கம், தேவசகாயம் ஒரு பக்கம், நடுவில் நான் நியாயாதிபதி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அந்த வயலைச் சாப்பிடுகிறவர்களில் நானும் ஒருவன். மனஸ்தாபம் உண்டா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? பிள்ளைகளே, ஒரு தகராறுக்கு நடுவே நிற்பதாக நீங்கள் நினைக்கும்போது, யார் மண்ணில் நிற்கிறீர்கள் என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு வந்தது. பாவ அறிக்கை முடிந்தது. அப்பமும் ரசமும் பீடத்தில் ஆயத்தமாக இருந்தன. பிள்ளை மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழத் தயாராக இருந்தார். மறைக்காமல் சொல்கிறேன், வேலை போய்விடும் என்று எனக்குப் பயம்.

"குருமனை வயலால மனஸ்தாபம் உள்ளவங்க பந்திக்கு வரக்கூடாதுன்னு சொல்றாங்க. சரி. கமிட்டிக்கு மனஸ்தாபம் உண்டு. உழுகிறவருக்கு உண்டு. அந்த நெல்லைச் சாப்பிடுற எனக்கும் இதுல பங்கு உண்டு. நேத்து பேர் கொடுத்த நாம எல்லாரும் இல்லேன்னு சொன்னோம். ஒரே ஒருத்தர்தான் உண்டுன்னு உண்மையைச் சொல்லிட்டு வீட்டுல இருக்காங்க. அவங்க வெளியே இருக்கறப்ப நான் பரிமாற முடியாது" என்று சொல்லிவிட்டுப் பீடத்திலிருந்து இறங்கினேன். இறங்கிய பிறகுதான் எங்கே உட்காருவது என்று யோசிக்கவில்லை என்பது உறைத்தது. நேரே நடந்து போய்ப் பாயில் தேவசகாயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைதான் முதலில் வாய் திறந்தார். "ஐயரே, அங்கியோட பாய்லயா உக்காருறது? எழுந்திரிங்க, சபை மானம் போவுது."

தேவசகாயம் பதறிப்போய் என் காதில் சொன்னார். "ஐயா, எந்திரிங்கய்யா. யாருங்க வீட்டுல இருக்கறது?"

"உங்க அண்ணி."

"அவங்க ஏன் வரல?"

"உங்களை மன்னிக்க அவங்களுக்கு மனசு வரல. மன்னிச்ச மாதிரி நடிக்கவும் மனசு வரல."

அவர் பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று பெஞ்சில் ஒரு சந்தோஷச் சலசலப்பு. என் மனைவி ஒரு பாட்டை ஆரம்பித்தாள். எல்லாச் சரணமும் தீர்ந்து, திரும்பவும் முதலிலிருந்து பாடினோம்.

பாட்டுக்கு மேலே ரோட்டில் ஒரு குரல் கேட்டது. "கையை விடுப்பா, நான் என்ன கொழந்தையா, நடக்கத் தெரியாதா? மன்னிச்சேன்னு நான் சொல்லவே இல்ல. ஆபீசுல என் பேரைச் சேரு, அப்புறம் பாக்கலாம்." ராகேலம்மா கட்டியிருந்த சேலையோடு வாசலில் வந்து நின்றார். தேவசகாயம் தலையைக் குனிந்தபடி சபைக்குப் பொதுவாகச் சொன்னார். "கடைமடை மூலை எங்க அண்ணன் பாகம். திங்கக்கிழமை அண்ணியைக் கூட்டிட்டுப் போயி ரெண்டு பேரா எழுதச் சொல்றேன். எல்லாரும் சாட்சி."

நான் எழுந்து நின்று கேட்டேன். "ராகேலம்மா, மன்னிச்சாச்சா?"

"பாதி மன்னிச்சாச்சுங்க."

"மீதி?"

"தாசில்தாரு கையெழுத்துப் போட்டப்புறம்."

கோயில் சிரித்தது. பெஞ்சும் சிரித்தது, பாயும் சிரித்தது. அந்தக் கோயில் ஒரே நேரத்தில் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. பாதி போதும், வாங்க என்றேன். முதலில் பெஞ்சு, பிறகு பாய் என்ற வரிசையை யாரும் நினைக்காததால், நின்றுகொண்டிருந்த அவர்கள் இருவரும்தான் முதலில் முழங்காலிட்டார்கள்.

பிள்ளை சொன்னபடியே எழுந்து வெளியே போனார். கூட இரண்டொருவர் போனார்கள். அவர் மனைவி எழுந்திருக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராகேலம்மா பெயர் பதிவாயிற்று. மகள் கல்யாணத்துக்கு ஓலை வாசித்தேன். கமிட்டி மேலிடத்துக்கு எழுதிப் போட, எனக்குக் கண்டிப்புக் கடிதம் வந்தது. மாற்றலும் வந்திருக்கும், ஆனால் அந்த ஊருக்கு வர வேறு ஐயர் கிடைக்கவில்லை. கமிட்டி வழக்குப் போட்டுத் தோற்றது. சட்டப்படி குத்தகை நெல் குறைந்ததால் எங்கள் வீட்டுக் கஞ்சியில் தண்ணீர் கூடியது. அதற்காக என் மனைவி ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை, கேலி மட்டும் செய்தாள்.

பிள்ளை கோயிலை விடவில்லை. ஞாயிறு தவறாமல் வந்து, பிரசங்கத்தில் குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போவார். திருவிருந்து ஞாயிறு வந்தால் மட்டும் அவருக்குப் பட்டுக்கோட்டையில் மகள் வீட்டில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், பிடி கொடுக்கவில்லை. என் மகளைக் காப்பாற்றக் கொட்டும் மழையில் வண்டி ஓட்டிய மனிதர் அப்படி ஒதுங்கியிருந்தது எனக்கு உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை, குறுவை அறுப்பு முடிந்த சமயம், பெயர் கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அவர் வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"பேர் கொடுக்க வந்தேன்."

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "யார்கிட்டயாவது மனஸ்தாபம் உண்டாங்க?"

"உண்டு. தேவசகாயம் மேல உண்டு. அந்தப் பொம்பள மேல உண்டு. ரொம்ப உங்க மேலதான். வயல் பக்கம் போனா இன்னமும் வயிறு எரியுது. இல்லேன்னு பொய் சொல்ல வரல." சன்னல் வழியே கோயிலைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஆனா பசிக்குதுங்க ஐயரே."

நான் பேனாவை எடுத்தேன். மறுநாள் பந்திக்கான பட்டியலில் அவர் பெயரை எழுதினேன்.